ஆறு மாத ஸ்டேட்மெண்டும் அடுத்தவர் மெஷினும்

வெளியூரில் குடித்தனம் நடத்துகிறவர்களுக்கு ஜெராக்ஸ் கடைக்காரர் பாதி சொந்தக்காரர். வீட்டு ஓனருக்கு ஒரு செட், புரோக்கருக்கு ஒரு செட், போலீஸ் வெரிஃபிகேஷனுக்கு ஒன்று, சொசைட்டி ஆபீசுக்கு ஒன்று, காஸ் கனெக்‌ஷன் மாற்ற ஒன்று, பிள்ளையின் ஸ்கூல் அட்மிஷனுக்கு ஒன்று. சொந்த ஊரில் 'இன்னார் வீட்டுப் பையன்' என்றால் முடிந்துவிடும். புனேயில் நம்மை யாருக்குத் தெரியும்? காகிதம்தான் நமக்காகப் பேச வேண்டும். மூன்று வருடத்துக்கு ஒருமுறை டிரான்ஸ்ஃபர் ஆகிற என்னைப் போன்ற வங்கிக்காரர்களுக்கு இந்தச் சடங்கு ஊருக்கு ஊர் புதிதாக நடக்கும்.

ஆதார் ஜெராக்ஸைப் பற்றி எல்லோரும் புலம்புகிறார்கள். எனக்கு அதைவிட உறுத்துவது ஆறு மாத பேங்க் ஸ்டேட்மெண்ட். வாடகை ஒழுங்காக வருமா என்று தெரிந்துகொள்ள அதைக் கேட்கிற ஓனர்களும் புரோக்கர்களும் இருக்கிறார்கள். நாமும் கொடுக்கிறோம். ஸ்டேட்மெண்டைத் தினமும் பார்க்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், அது ஒரு டைரி. எந்த ஆஸ்பத்திரிக்குப் போகிறீர்கள், ஊரில் அம்மாவுக்கு மாதம் எவ்வளவு அனுப்புகிறீர்கள், சீட்டுப் பணம் எந்தத் தேதியில் போகிறது, யாரிடம் கைமாற்று வாங்கினீர்கள், இருபத்தைந்தாம் தேதிக்கு மேல் எத்தனை ரூபாயில் வண்டி ஓடுகிறது, எல்லாம் அதில் இருக்கிறது. கேட்டவருக்குத் தேவை ஒரே ஒரு பதில்: மாதம் இத்தனை ஆயிரத்துக்கு மேல் சம்பளம் வருகிறதா? அந்த ஒரு 'ஆமாம்' சொல்வதற்காக டைரியையே கொடுத்துவிட்டு வருகிறோம். அதுவும் வாட்ஸப்பில்.

அந்த 'ஆமாம்' ஒன்றை மட்டும், பொய் சொல்ல முடியாதபடி கொடுக்கும் வழி கணிதத்தில் 1985-லேயே வந்துவிட்டது. ஷாஃபி கோல்ட்வாசர், சில்வியோ மிக்காலி, சார்ல்ஸ் ராக்கோஃப் என்ற மூவர் எழுதிய கட்டுரை. ஜீரோ நாலெட்ஜ் ப்ரூஃப் என்பார்கள். விவரம் காட்டாத நிரூபணம் என்று வைத்துக்கொள்வோம்.

நம்ம ஊர் உதாரணமே சொல்கிறேன். சிக்கரி கலந்த காபியையும் கலக்காத காபியையும் குடிக்காமலே கண்டுபிடிப்பேன் என்கிறார் ஒரு நண்பர். எப்படி என்று சொல்ல மாட்டாராம், தொழில் ரகசியம். நான் அவர் பார்க்காமல் டம்ளர்களை மாற்றி மாற்றி வைக்கிறேன். இருபது தடவையும் சரியாகச் சொல்கிறார். குருட்டாம்போக்கில் அப்படிச் சொல்ல வாய்ப்பு 10,48,576-ல் ஒன்று. அவரால் முடியும் என்று நம்பிவிட்டேன், ஆனால் எப்படி என்பது எனக்குக் கடைசிவரை தெரியாது. இதையே கணக்கில் செய்கிறார்கள். இப்போதெல்லாம் இருபது தடவை கேள்வி கேட்கக்கூட வேண்டாம், நிரூபிப்பவர் ஒரே கடிதமாக அனுப்பிவிடலாம். யென்ஸ் க்ரோத் என்பவர் 2016-ல் கொடுத்த முறையில் அந்தக் கடிதம் 128 பைட்டுக்குள் அடங்கும். ஒரு எஸ்எம்எஸ் அளவு!

அப்படியானால் நாற்பது வருடமாக ஏன் நம் கைக்கு வரவில்லை? ஒரு காரணம், கணக்கின் எடை. வங்கியில் இருப்பவர்களுக்கு மேக்கர்-செக்கர் தெரியும். மேக்கர் உட்கார்ந்து வவுச்சரை எல்லாம் ஏற்றி முடிக்க அரை நாள் ஆகும், செக்கர் பார்த்து ஓகே கொடுக்க அரை நிமிடம். இங்கேயும் அதே கதைதான். சரிபார்ப்பவருக்கு மில்லிசெகண்ட் வேலை. நிரூபிப்பவருக்கு முதுகு ஒடியும்.

எவ்வளவு ஒடியும் என்பதற்கு நம் ஸ்டேட்மெண்டையே எடுத்துக்கொள்வோம். வங்கியின் டிஜிட்டல் கையெழுத்து அந்தக் கோப்பின் மேல்தான் இருக்கிறது என்று காட்ட, முழுக் கோப்பையும் எஸ்எச்ஏ-256 என்ற கணக்கில் போட்டு அரைக்க வேண்டும். சாதாரணமாக இது கண் சிமிட்டும் வேலை. ஆனால் ரகசியமாக நிரூபிக்க வேண்டுமென்றால் ஒவ்வொரு 64 பைட்டுக்கும் 25,000-க்கு மேற்பட்ட சமன்பாடுகள் எழுத வேண்டியிருக்கும். கோப்பு 100 கிலோபைட் என்றால் நாலு கோடிச் சமன்பாடுகள். அதில் வரும் ஒவ்வொரு எண்ணும் 77 இலக்கம் கொண்டது. உங்கள் போனிலுள்ள பிராசசர் ஒரு வாயில் விழுங்குவது 64 பிட் மட்டுமே, அதனால் ஒவ்வொரு எண்ணையும் நாலாக வெட்டி, ஒன்றோடொன்று பதினாறு முறை பெருக்கி, திரும்ப ஒட்ட வேண்டும்.

இதில் அதிக நேரம் தின்பவை இரண்டு வேலைகள். முதலாவது, கோடிக்கணக்கான எண்களை வளைகோட்டுப் புள்ளிகளோடு பெருக்கிக் கூட்டுவது. பி.காம் படித்தவர்களுக்கு ப்ராடக்ட் மெத்தட் ஞாபகம் வரலாம்: இருப்பு பெருக்கல் நாள், எல்லாவற்றையும் கூட்டு. 2010 ஏப்ரல் 1 முதல் சேமிப்புக் கணக்கு வட்டியை இப்படித் தினசரி இருப்பில்தான் போடுகிறோம். இங்கே இருப்புக்குப் பதில் 77 இலக்க எண், நாளுக்குப் பதில் புள்ளி. இதை வேகமாகச் செய்ய ஒரு தந்திரம் உண்டு, அது கேஷியர் தந்திரமேதான். கத்தையாக வந்த பணத்தை ஒவ்வொரு நோட்டாக மதிப்புப் போட்டுக் கூட்டுகிற கேஷியர் யாராவது உண்டா? முதலில் பத்து, இருபது, ஐம்பது, நூறு, ஐந்நூறு என்று பிரித்து அடுக்கி, கட்டை எண்ணி, கடைசியில் ஒரே பெருக்கல். பிப்பெங்கர் என்பவர் பெயரில் வழங்கும் முறையும் அதைத்தான் செய்கிறது, ஒரே பெருக்கு எண் வருகிற புள்ளிகளை ஒரே வாளியில் போட்டுவிட்டுப் பிறகு பெருக்குகிறது.

இரண்டாவது வேலையில் கணக்கைவிடப் போக்குவரத்து அதிகம். கிளியரிங் ஹவுஸ் மாதிரி, எங்கோ இருக்கிற எண் இன்னொரு மூலையில் இருக்கிற எண்ணோடு கைகுலுக்கிவிட்டு வர வேண்டும், அதுவும் பல சுற்று. இங்கே பிராசசர் எவ்வளவு வேகமாக இருந்தாலும் மெமரியின் வாசலில் வரிசையில் நிற்கும்.

இந்த இடத்தில்தான் தனி ஹார்டுவேர் வருகிறது. நோட்டு எண்ணும் மெஷின் காபி போடாது, நோட்டு மட்டும்தான் எண்ணும், அதனால் மனிதனைவிடப் பல மடங்கு வேகம். அதே தர்க்கம். 2021-ல் பைப்இசட்கே என்ற ஆராய்ச்சிக் கட்டுரை இதற்கென்று தனிச் சிப் வடிவமைப்பைக் காட்டியது. 2022-ல் இசட்ப்ரைஸ் என்று ஒரு போட்டியே நடந்தது, ஜிபியுவிலும் எஃப்பிஜிஏவிலும் இந்தக் கணக்கை யார் வேகமாகப் போடுவது என்று. தனிச் சிப் செய்கிறோம் என்று ஃபேப்ரிக் கிரிப்டோகிராஃபி என்ற அமெரிக்க நிறுவனம் 2024-ல் 3.3 கோடி டாலர் திரட்டியது. 2025 மே மாதம் சக்சிங்க்ட் என்ற நிறுவனம், வீடியோ கேம் ஆடுகிறவர்கள் வாங்கும் ஆர்டிஎக்ஸ் 4090 கார்டுகளை நூற்றுக்கும் மேல் சேர்த்து, எத்தீரியம் பிளாக்குகளில் 93 சதவீதத்தை 12 வினாடிக்குள் நிரூபித்ததாக அறிவித்தது. 12 வினாடிக்கு ஒரு பிளாக் என்பதால் அந்தக் கெடு. அடுத்து ஜூலையில் எத்தீரியம் ஃபவுண்டேஷன் ஒரு இலக்கு வைத்தது: 10 வினாடிக்குள் முடிய வேண்டும், கருவிகள் ஒரு லட்சம் டாலரைத் தாண்டக் கூடாது, மின்சாரம் 10 கிலோவாட்டுக்குள். நம் கணக்கில் முக்கால் கோடி ரூபாய்க்கு மேல், ஒன்றரை டன் ஏசி ஆறேழு ஓடுகிற கரண்ட்.

பிரமிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் எனக்கு இரண்டு விஷயம் இடிக்கிறது. ஒன்று சின்னது, ஒன்று பெரியது.

சின்னதை முதலில் சொல்லிவிடுகிறேன். 2016 நவம்பர் உங்களுக்கு மறந்திருக்காது, எனக்கு நிச்சயம் மறக்காது. புது ஐந்நூறும் இரண்டாயிரமும் பழைய நோட்டு அளவில் இல்லை. நாட்டில் இரண்டு லட்சத்துக்கு மேல் ஏடிஎம்கள். ஒவ்வொன்றையும் ஆள் போய்த் திறந்து நோட்டுப் பெட்டியைச் சரிசெய்தால்தான் பணம் வரும். மெஷின் மேல் தப்பில்லை, பழைய அளவுக்கு அது கச்சிதமாகத்தான் வேலை செய்தது. (அந்த இரண்டாயிரம் நோட்டை 2023 மே மாதம் புழக்கத்திலிருந்து திரும்பப் பெற ஆரம்பித்தது தனிக் கதை.) நிரூபணக் கணிதத்திலும் நோட்டு அளவு மாறிக்கொண்டே இருக்கிறது. 77 இலக்க எண்களை வைத்து எல்லோரும் மெஷின் வடிவமைத்துக்கொண்டிருந்தபோது, புது முறைகள் 31 பிட் எண்களுக்கு, அதாவது வெறும் பத்து இலக்கத்துக்கு இறங்கிவிட்டன. 2023-ல் வந்த பினியஸ் என்ற முறை இன்னும் கீழே, வெறும் பூஜ்யம் ஒன்று வரைக்கும் போனது. கல்லில் செதுக்கின மாதிரி சிப் அடித்தவனுக்கு அடுத்த வருடமே தலைவலி. ஜிபியு ஓடுகிறதற்குக் காரணம் அது எந்த நோட்டையும் எண்ணும் என்பதுதான்.

இப்போது பெரியது. இந்த வேகமெல்லாம் யாருக்காக?

எத்தீரியம் பிளாக்கில் ரகசியம் எதுவும் இல்லை. ஊரறிந்த கணக்கு. அங்கே நிரூபணம் தேவைப்படுவது சுருக்கத்துக்காக, ஆயிரம் பேர் திரும்பத் திரும்பக் கணக்குப் போடாமல் ஒருவர் போட்டதை எல்லோரும் சட்டென்று சரிபார்ப்பதற்காக. அதை எந்த ஷெட்டில், எவருடைய மெஷினில் போட்டாலும் நஷ்டமில்லை. நம் ஸ்டேட்மெண்ட் அப்படியா? நிரூபணத்தைத் தயாரிக்கிற மெஷினுக்கு ரகசியம் முழுசாகத் தெரிந்தாக வேண்டும். அந்த ரகசியத்துக்கு இந்தத் துறையில் பெயரே 'விட்னஸ்', சாட்சி. போன் தாங்காது, நேரமாகிறது, நீங்கள் ஸ்டேட்மெண்டை எங்கள் சர்வரில் ஏற்றுங்கள், இரண்டு வினாடியில் நிரூபணம் தருகிறோம் என்று ஒரு கம்பெனி சொன்னால் என்ன ஆயிற்று? ஓனருக்குத் தெரியாத டைரி அந்தக் கம்பெனிக்குத் தெரிந்துவிட்டது. ஏடிஎம் வாசலில் உதவி செய்கிறேன் என்று வருகிற ஆளிடம் கார்டையும் பின்னையும் கொடுத்துவிட்டு, 'திரையை யாரும் பார்க்கவில்லை' என்று திருப்திப்படுவது மாதிரி. ரகசியத்தைத் துண்டுகளாகப் பிரித்துப் பல சர்வர்களுக்குக் கொடுக்கிற முறைகளும் இருக்கின்றன. அவை கணக்கை மேலும் கனமாக்கும், தவிர அந்த சர்வர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளாது என்று நாம் நம்ப வேண்டும்.

அதனால் என் கட்சி இது: அடையாளம், வருமானம், வயது போன்ற சொந்த விஷயங்களுக்கு நிரூபணம் நம் கையிலுள்ள போனிலேயே போடப்பட வேண்டும். வேகப்படுத்துவதற்குச் செலவு செய்தால் அங்கே செய்யுங்கள். அதுவும் எண்பதாயிரம் ரூபாய் போனை வைத்து டெமோ காட்டாதீர்கள். எங்கள் கட்டிடத்து செக்யூரிட்டிக்காரர் ஒடிசாவிலிருந்து வந்தவர், ஏழாயிரம் ரூபாய் போன். நம்மைவிட அதிகமாக ஜெராக்ஸ் கொடுக்க வேண்டியவர் அவர்தான்.

இது வெறும் ஆசை இல்லை, ஏற்கெனவே ஒருமுறை நடந்த கதை. ஏஇஎஸ் என்ற என்கிரிப்ஷன் ஒரு காலத்தில் கம்ப்யூட்டருக்குச் சுமை. இன்டெல் 2010 வாக்கில் அதற்கென்று சில கட்டளைகளைப் பிராசசருக்குள்ளேயே வைத்தது. சுமை கரைந்தது. போன் சிப்புகளிலும் பின்னால் வந்தது, ஆனால் மலிவுச் சிப்புகளுக்கு வரவில்லை. ஆண்ட்ராய்டில் போன் ஸ்டோரேஜைப் பூட்ட வேண்டும் என்று விதி வந்தபோது, ஏஇஎஸ் வேகம் வினாடிக்கு 50 மெகாபைட்டுக்குக் கீழே இருக்கும் போன்களுக்கு விலக்குக் கொடுத்தார்கள். அதாவது விலை குறைந்த போன் வாங்கியவனின் போட்டோவும் மெசேஜும் பூட்டில்லாமல் கிடந்தன. 2019-ல் கூகுள் ஆடியண்டம் என்ற வேறு கணக்கைக் கொண்டுவந்த பிறகுதான் அந்தப் போன்களுக்கும் பூட்டுக் கிடைத்தது. ஒரு சிப்பில் ஒரு கட்டளை இருக்கிறதா இல்லையா என்பது யாருக்கு அந்தரங்கம் உண்டு, யாருக்கு இல்லை என்று தீர்மானித்துவிட்டது. நிரூபணத்திலும் அதே மாதிரி நடந்துவிடுமோ என்பதுதான் என் பயம்: பணக்காரப் போன் தானே நிரூபிக்கும், ஏழைப் போன் சர்வருக்கு அனுப்பும்.

நடக்காமல் இருக்க வழி உண்டு, பாதி வழி கணிதத்திலேயே. இசட்கேஷ் 2016 அக்டோபரில் வந்தபோது ஒரு ரகசியப் பரிவர்த்தனைக்கு நல்ல கம்ப்யூட்டரிலேயே 40 வினாடி அளவில் ஆகும், 3 ஜிபிக்கு மேல் மெமரி தின்னும். 2018 அக்டோபரில் சாப்ளிங் என்ற மாற்றம் வந்ததும் சில வினாடி, 40 எம்பி அளவு. புதுச் சிப் எதுவும் இல்லை, கணக்கைப் போடும் விதத்தை மாற்றினார்கள். கூகுளின் மாத்தேயோ ஃப்ரிகோவும் அபி ஷெலட்டும் 2024-ல் எழுதிய கட்டுரையில் டிஜிட்டல் அடையாள அட்டையைக் காட்டாமல் நிரூபிப்பது கைபேசியிலேயே 1.2 வினாடி அளவில் முடிகிறது. 2025 ஜூலையில் அந்த மென்பொருளை எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். நம் ஆதார் க்யூஆரில் யுஐடிஏஐயின் டிஜிட்டல் கையெழுத்து இருக்கிறதல்லவா, அதை வைத்து 18 வயது ஆகிவிட்டது என்பதை மட்டும் காட்டும் அனான் ஆதார் என்ற திறந்த மென்பொருளும் இருக்கிறது. க்யூஆரில் ஒன்றிரண்டு கிலோபைட் விவரம்தான், அதனால் தாங்குகிறது.

ஸ்டேட்மெண்ட் மாதிரி நீளமான கோப்புக்குத் தடை வேகம் மட்டும் கிடையாது, மெமரி. இதற்கு எனக்குப் பிடித்த மருந்து 2021-ல் வெளியான நோவா போன்ற மடிப்பு முறைகள். பழைய லெட்ஜரில் பக்கத்தின் அடியில் 'கொண்டு செல்லப்பட்டது' என்று எழுதி அடுத்த பக்கத்தின் தலையில் அதே தொகையைப் போடுவோமே, அதேதான். முழு லெட்ஜரையும் மேஜையில் விரிக்க வேண்டாம், ஒரு பக்கத்து இடம் போதும். நேரம் கொஞ்சம் கூட ஆகட்டும், ராத்திரி சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்கினால் காலையில் நிரூபணம் தயாராக இருக்கட்டுமே. வாடகை வீட்டுக்கு 12 வினாடிக் கெடு யாரும் வைக்கவில்லை :-)

மீதி வழி சிப்பில். பெரிய ஷெட் வேண்டாம். மலிவுப் பிராசசருக்குள் இந்த வகைப் பெருக்கலுக்கான சில கட்டளைகள் போதும், எந்த முறை வந்தாலும் உதவுகிற மாதிரி. ஆர்ஐஎஸ்சி-ஃபைவ் என்ற திறந்த வடிவமைப்பில் புதுக் கட்டளைகளைச் சேர்க்க யாரிடமும் கைகட்டி நிற்க வேண்டாம். ஐஐடி மெட்ராஸின் 'சக்தி' பிராசசர்கள் அந்தக் குடும்பம்தான். இந்தியாவில் சிப் செய்வதற்கு 2021 டிசம்பரில் 76,000 கோடி ரூபாய்த் திட்டம் அறிவித்தார்கள். அதில் இந்த வேலைக்கு ஒரு ஓரத்தில் இடம் கேட்பது பேராசையாக எனக்குப் படவில்லை.

எங்கள் பக்கமும் வேலை இருக்கிறது. வங்கி முழுக் கோப்பின் மேல் ஒரே கையெழுத்தாகப் போடாமல், சம்பள வரவுகளைத் தனியாகத் தொகுத்து அதன் மேல் தனிக் கையெழுத்துப் போட்டால் நாலு கோடிச் சமன்பாடு லட்சங்களுக்கு இறங்கிவிடும். எந்த ஜிபியுவும் கொடுக்காத வேகம் அது. 'அப்படியானால் வங்கியே ஆமாம் என்று ஒரு சர்டிஃபிகேட் கொடுத்துவிடலாமே' என்று கேட்பீர்கள். கொடுக்கலாம். ஆனால் ஒவ்வொரு தடவையும் யாரிடம், எதற்கு என்று வங்கிக்குத் தெரியும், என்னைப் போல ஒரு ஆபீசர் லீவில் இல்லாமலும் இருக்க வேண்டும். அக்கவுண்ட் அக்ரிகேட்டர் முறை 2021 செப்டம்பர் முதல் ஓடுகிறது, அதில் உங்கள் சம்மதத்தோடு விவரம் கடன் கொடுப்பவருக்குப் போகிறது. ஜெராக்ஸைவிட எவ்வளவோ மேல்தான், ஆனால் போவது டைரியேதான்.

ஒன்று தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். வங்கிக் கணக்குத் தொடங்க இந்த நிரூபணம் செல்லாது. பணமோசடித் தடுப்புச் சட்டப்படி நீங்கள் யார் என்று எங்களுக்குத் தெரிந்தாக வேண்டும், கணக்கை முடித்த பிறகும் ஐந்து வருடம் அந்த ஆவணங்களை வைத்திருக்க வேண்டும். போலீஸ் வெரிஃபிகேஷனும் அப்படித்தான், பெயர் இல்லாமல் நடக்காது. நான் பேசுவது பெயரே தேவையில்லாத, ஆமாம்-இல்லை போதுமான இடங்களைப் பற்றி. அவை நாம் நினைப்பதைவிட அதிகம். 2023-ன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் தேவையான அளவுக்கு மட்டுமே வாங்கு என்கிறது, விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டு கட்டம் கட்டமாக அமலுக்கு வருகின்றன. பதினெட்டு வயதுக்குக் கீழே இருப்பவர்களின் விவரத்துக்குப் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்பதும் அதில் உண்டு. பிள்ளையின் வயதைச் சொல்வதற்காக ஆதாரை முழுசாகக் கேட்கும் ஆப்கள் இனிமேல் வரிசை கட்டும், பாருங்கள்.

அதுவரைக்கும் கையில் இருப்பதை வைத்துச் சமாளிக்க வேண்டியதுதான். யுஐடிஏஐ தளத்தில் முதல் எட்டு இலக்கம் மறைத்த ஆதார் இறக்கிக்கொள்ளலாம். ஸ்டேட்மெண்ட் கேட்கிற ஓனரிடம், கம்பெனி தரும் சம்பளச் சான்றிதழ் போதுமா என்று முதலில் கேட்டுப் பாருங்கள். எனக்குத் தெரிந்து பல பேர் சரி என்றுதான் சொல்கிறார்கள், யாரும் கேட்காததால் ஸ்டேட்மெண்ட் வாங்கிக்கொண்டிருந்தார்கள்.